கடன் வாங்கிய காற்று

டெல்ஃபியா டூத்மனை விட்டுப் போன கணவன் ஊரெல்லாம் சொல்லித் திரிந்த காரணம் ஒன்றுதான். "நான் குட் மார்னிங் சொன்னாக்கூட அவ ஜன்னலைத் திறந்து பார்த்துட்டுத்தான் பதில் சொல்லுவா." ஊர் வயிறு வலிக்கச் சிரித்தது. டெல்ஃபியாவும் சேர்ந்து சிரித்தாள். சிரித்த கையோடு வாசல் பூட்டையும் மாற்றினாள்.

சந்தேகப்படுவதற்குத்தான் அவளுக்குச் சம்பளம் என்பது, பாவம், அந்த மனிதனுக்குக் கடைசிவரை விளங்கவே இல்லை. நிலக்கரிச் சுரங்கங்கள் நிறைந்த மலைநாட்டில், மொனாங்கஹேலா ஆற்றுக்கு மேலே குன்றுச் சரிவில் இருக்கிற அந்த அலுவலகத்தில் யாரும் புரோகிராம் எழுதுவதில்லை. வேறு எங்கோ யாரோ எழுதியதைச் சோதித்துச் சொல்வதுதான் அங்கே பிழைப்பு. எல்லாம் உயிர் சம்பந்தப்பட்ட புரோகிராம்கள். ரயில் கேட், ஆஸ்பத்திரியில் மருந்து ஏற்றுகிற கருவி, சுரங்கத்துக் காற்றாடி. எழுதியவனே "சரியாக இருக்கிறது" என்றால் எடுபடாது. அவனோடு கொடுக்கல் வாங்கல் இல்லாத ஒருத்தர் பார்த்துச் சொல்ல வேண்டும். அவர்கள் கேட்பது இரண்டே கேள்வி. சொன்னபடி செய்திருக்கிறானா? சொன்னதே சரிதானா? முதல் கேள்விக்கு வெண்டல் போதும், இரண்டாவதற்குத் தன்னைப் போல ஒரு பொல்லாதவள் வேண்டும் என்பது டெல்ஃபியாவின் அபிப்பிராயம்.

வெண்டல் யோஸ்ட் அவளோடு ஒரே அறையில் முடி நரைத்தவர். மெதடிஸ்ட் சர்ச்சில் காணிக்கைத் தட்டு ஏந்துகிற ஆள். பக்கத்து வீட்டுக்காரன் புல்வெட்டும் இயந்திரத்தைக் கேட்டால் பெட்ரோலும் ஊற்றிக் கொடுப்பார், தனக்கு ஏணி வேண்டுமென்றால் கேட்காமலே எடுத்து வருவார். அந்த மலைப்பக்கத்தில் எல்லோரும் அப்படித்தான். டெல்ஃபியா மட்டும் ஏணியைச் சங்கிலி போட்டுப் பூட்டி வைத்திருந்தாள்.

"கொடுக்கல் வாங்கல் இல்லாத" என்பதை அவள் அப்படியே பிடித்துக்கொண்டாள். புரோகிராம் எழுதுகிறவர்களோடு பிட்ஸ்பர்க்கில் கூட்டம் என்றால் சொந்த ஃபிளாஸ்க்கில் காபி கொண்டு போவாள். யாராவது டோனட் தட்டை நீட்டினால் தட்டைப் பார்ப்பாள், நீட்டியவன் முகத்தைப் பார்ப்பாள், மறுபடி தட்டைப் பார்ப்பாள். டீட்டர் என்கிற நிலக்கரிச் சுரங்கத்துக்குப் புரோகிராம் எழுதுகிற பிட்ஸ்பர்க் கம்பெனியில் நார்ம் ஸ்வெட்லிக் என்று ஒருவன், வாயெல்லாம் பல். அவன் ஒருமுறை கேட்டேவிட்டான்.

"ஒரு டோனட்டுக்கா மேடம் நீங்க விலை போயிடுவீங்க?"

"ஒண்ணுக்குப் போக மாட்டேன். ரெண்டாவது டோனட்டுக்குப் போயிடுவேன். அதுக்குள்ள நமக்குள்ள பழக்கமாயிடும்ல."

டீட்டர் சுரங்கத்துப் புரோகிராம் செய்ய வேண்டிய வேலை கேட்பதற்குச் சின்னது. நிலக்கரி வெட்டும் இடத்தில் மீத்தேன் வாயு ஏறுகிறதா என்று சென்சாரைப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். ஏறினால் சிவப்பு விளக்கைப் போட்டு, இயந்திரங்களின் மின்சாரத்தை வெட்டிக் காற்றாடியை வேகமாக ஓட்ட வேண்டும். வாயு இறங்கியதும் பச்சை விளக்கைப் போட வேண்டும். பச்சை எரிந்தால் ஆட்கள் உள்ளே போவார்கள். ஏப்ரல் கடைசியில் அதைச் சுரங்கத்துக்குள் இறக்குவதாக ஏற்பாடு. அதற்கு டெல்ஃபியாவும் வெண்டலும் கையெழுத்துப் போட வேண்டும்.

இந்த வேலை வந்தபோது டெல்ஃபியாவின் தம்பி டோர்சி வேறொரு சுரங்கத்தில் இருந்தான். ஒவ்வொரு ஜனவரியிலும் அந்த அலுவலகத்தில் எல்லோரும் உறுதிமொழி கொடுப்பார்கள்: சோதிக்கிற பொருளைச் செய்கிற இடத்திலும் சரி, வாங்குகிற இடத்திலும் சரி, என் சொந்தபந்தம் யாரும் இல்லை. அவளும் கொடுத்தாள். அன்றைக்கு அது நிஜம். அப்புறம் டோர்சியின் சுரங்கத்தை மூடிவிட்டார்கள். மார்ச்சில் அவன் டீட்டர் சுரங்கத்தில் சேர்ந்தான், அதுவும் நிலக்கரி வெட்டுகிற முகப்பிலேயே.

செய்தி சொல்ல வந்தவன் அவள் சமையலறையில் இறைச்சி வைத்துச் சுட்ட பெப்பரோனி ரோலைக் கடித்துக்கொண்டே கேட்டான். "அக்கா, உன் ஆபீஸ்ல சொல்லணும்ல இதை?"

"சொன்னா என்னை இந்த வேலையிலேர்ந்து தூக்கிடுவாங்க."

"தூக்கட்டுமே. வேற யாராவது பார்க்க மாட்டாங்களா?"

"யாரு, வெண்டலா? பாம்பை எடுத்துக் கையில குடுத்து கயிறுன்னு சொல்லு. துணி காயப்போட எடுத்துட்டுப் போவான்."

டோர்சிக்குப் புரையேறியது. "சரிதான். ஆனா நீ சொல்லாம இருக்கறது தப்பு இல்லையா?"

"நீ வாயை மூடிக்கிட்டுத் தின்னு," என்றாள்.

அவள் சொல்லவில்லை. மற்றவர்கள் குண்டூசியை மறைத்தாலும் மோப்பம் பிடிக்கிறவள், தான் ஒரு தம்பியையே மறைத்தாள். அதற்கு அவள் வைத்துக்கொண்ட பெயர் அக்கறை. தம்பி இறங்குகிற குழியை வேறு ஒருத்தர் கண்ணை நம்பி விட அவளுக்கு மனசு வரவில்லை, அவ்வளவுதான்.

அந்த மாதமே சோதனை முடிவுகள் வந்தன. அத்தனையும் தேறிவிட்டது. ஒரு தவறுகூட இல்லை. வெண்டல் இரண்டு கையையும் தேய்த்துக்கொண்டு சந்தோஷப்பட்டார். டெல்ஃபியா முடிவுகளை மறுபடி முதலிலிருந்து புரட்டினாள்.

"ஒண்ணுகூடவா இல்ல?"

"நல்லா எழுதியிருக்காங்க டெல்ஃபி. சில சமயம் நல்லாவும் எழுதுவாங்க."

"எந்தப் புரோகிராமும் இப்படிக் குளிச்சு முழுகிப் பவுடர் போட்டுக்கிட்டு வராது, வெண்டல்."

அவள் கணக்குப் போட்டாள். கேள்வித்தாள் முன்கூட்டியே தெரிந்தால்தான் இத்தனை மார்க் வாங்க முடியும். இங்கே தயாராகும் சோதனைகள் பிட்ஸ்பர்க்குக்குப் போய்ச் சேருகின்றன. கொண்டுபோய்ச் சேர்ப்பது யார்? அறையில் இருப்பது இரண்டு பேர். அவள் இல்லை.

அன்றிலிருந்து வெண்டலை அவள் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தாள். அவர் போனோடு வெளியே போனால் ஜன்னலோரம் போய்ச் செடிக்குத் தண்ணீர் ஊற்றினாள். செடி அழுகியது. அவள் உள்ளே வந்ததும் அவர் திரையில் ஏதோ ஒன்றை மூடினார் என்று தோன்றியது. மூடினாரா, தற்செயலாக மூடிற்றா? முன்பெல்லாம் மதியம் அறையிலேயே சாப்பிடுகிறவர் இப்போது ஏன் காரில் உட்கார்ந்து சாப்பிடுகிறார்? தன் முறைப்பைத் தாங்க முடியாமல்தான் மனிதர் காருக்கு ஓடுகிறார் என்பது மட்டும் அவளுக்குத் தோன்றவில்லை.

ஈஸ்டருக்கு முந்தைய வெள்ளிக்கிழமைகளில் தீயணைப்பு நிலையத்துக் கூடத்தில் மீன் வறுப்பார்கள். பாதி ஊர் அங்கேதான் இருக்கும். அன்றைக்கு டெல்ஃபியா தட்டோடு கூட்டத்திலிருந்து வெளியே வந்தபோது, வண்டிகள் நிற்கிற இடத்தில் வெண்டலைப் பார்த்தாள். எதிரே பல்லெல்லாம் தெரிய நார்ம் ஸ்வெட்லிக். பிட்ஸ்பர்க்கில் மீனே கிடைக்காதா இவனுக்கு? அவள் ஒரு பிக்கப் வண்டிக்குப் பின்னால் குனிந்தாள். முட்டைக்கோஸ் சாலட் சட்டையில் வழிந்ததைக்கூடக் கவனிக்கவில்லை. கையும் களவுமாகப் பிடித்தாயிற்று என்று நினைத்துக்கொண்டாள்.

ஆனால் அவள் எதிர்பார்த்தது நடக்கவில்லை. வெண்டல் நார்மிடம் எதையும் கொடுக்கவில்லை. நார்ம்தான் சட்டைப் பையிலிருந்து விரலளவு பென் டிரைவ் ஒன்றை எடுத்து வெண்டலிடம் கொடுத்தான். "புதுசு இது, போன தடவை குடுத்ததைவிட வேகமா ஓடும்," என்றான். வெண்டல் அவன் தோளைத் தட்டி நன்றி சொன்னார்.

போன தடவையா? அப்படியானால் சோதனைகள் இங்கிருந்து போகவில்லை, ஏதோ ஒன்று அங்கிருந்து வருகிறது. வருவது என்ன? மீன் ஆறிப் போயிற்று. வண்டிக்குப் பின்னாலேயே குந்தியபடி அவள் யோசித்துக்கொண்டிருந்தாள். வண்டிக்காரர் வந்து, "டெல்ஃபியா, டயர்ல காத்து இருக்கா?" என்று கேட்ட பிறகுதான் எழுந்தாள்.

திங்கட்கிழமை அவள் யாருக்கும் தெரியாத ஒரு சோதனை செய்தாள். எழுதி வைக்கவில்லை, பொதுவான இடத்தில் சேமிக்கவும் இல்லை. வெண்டல் பல் டாக்டரிடம் போயிருந்த நேரம்.

அதற்கு முன் ஒன்று சொல்ல வேண்டும். இந்த மாதிரிப் புரோகிராமை நிஜச் சுரங்கத்தில் வைத்துச் சோதிக்க முடியாது. அதனால் சுரங்கம் போலவே நடிக்கிற இன்னொரு புரோகிராம் வேண்டும். இவர்கள் அதைக் 'காற்று' என்பார்கள். காற்றில் வாயுவை ஏற்றி இறக்கினால், சோதிக்கப்படுவது நிஜமென்று நம்பி வேலை செய்யும். காற்றைத் தயார் செய்வது வெண்டலின் பொறுப்பு.

டெல்ஃபியா இந்த வேலைக்கு வருவதற்கு முன் வாயு அளக்கும் கருவிகளைப் பழுது பார்க்கிற கடையில் இருந்தவள். அங்கேதான் அவளுக்கு முதல் அதிர்ச்சி. சிலிண்டரிலிருந்து கருவிக்கு மீத்தேனைக் கொடுத்தாள். முள் ஏறியது. தாராளமாகத் திறந்துவிட்டாள். முள் தலைகீழாக இறங்கிப் பூஜ்யத்துக்குப் பக்கத்தில் வந்து நின்றது. கடைக்காரர் சிரித்தார். கொஞ்சம் வாயுவை எரித்துப் பார்த்துத்தான் அது அளக்கிறதாம். வாயு அளவுக்கு மீறினால் எரிக்கக் காற்று இருக்காது. எரியவில்லை என்றால் வாயு இல்லை என்று முடிவு கட்டிவிடும். மூச்சு முட்டிச் சாகிற இடத்தில் நின்றுகொண்டு "ஒண்ணுமில்ல" என்று சொல்கிற கருவி. அன்றோடு எந்த எண்ணையும் நம்புவதை அவள் விட்டாள்.

இப்போது வெண்டலின் காற்றில் வாயுவை அதேபோலத் தாராளமாக ஏற்றினாள். சென்சார் ஏறியது. இன்னும் ஏற்றினாள். இன்னும் ஏறியது. விழவே இல்லை. பள்ளிக்கூடத்துப் பையன் ஒப்பிப்பது போலத் துல்லியமாக உண்மையே சொல்லிக்கொண்டிருந்தது. அப்படி ஒரு சென்சார் உலகத்தில் கிடையாது. இது சுரங்கத்தைத் தெரிந்தவன் செய்த காற்று இல்லை. புரோகிராமைத் தேற வைக்க விரும்பியவன் செய்த காற்று.

அவள் காற்றைக் கழற்றிவிட்டுச் சென்சாரின் எண்களைத் தானே கையால் தட்டிக் கொடுத்தாள். ஏறு, ஏறு, இன்னும் ஏறு, இப்போது சடாரென்று விழு. புரோகிராம் ஒரு கணம் யோசித்தது. பச்சை விளக்கைப் போட்டது.

டெல்ஃபியா நாற்காலியைப் பின்னால் தள்ளி எழுந்து நின்றாள். டோர்சி அந்தப் பச்சையைப் பார்த்து உள்ளே போவது கண் முன்னால் தெரிந்தது. எழுந்தவளுக்கு உட்காரத் தோன்றவில்லை.

வெண்டல் வீங்கிய கன்னத்தோடு திரும்பி வந்தபோது அவள் கதவைச் சாத்தினாள்.

"காத்து யாரு செஞ்சது?"

அவர் மறைக்கவே இல்லை. "நார்ம் குடுத்தான். நம்மளோடது முடியாம இழுத்துக்கிட்டே இருந்துச்சு. அவங்க தங்களோட சோதனைக்குச் செஞ்சது சும்மாதானே கிடக்குதுன்னு கேட்டேன். உடனே குடுத்தான், நல்ல பையன்."

"கடன் வாங்கினியா? ஏணி வாங்கற மாதிரி?"

"காத்து எல்லாருக்கும் ஒண்ணுதானே டெல்ஃபி?"

"காத்து ஒண்ணுதான்டா. நார்ம் எழுதின காத்து வேற. அவன் நினைப்புல என்ன தப்போ அதேதான் காத்துலயும் இருக்கும். ஒரே ஆளை ரெண்டு தடவை கேட்டுட்டு, ரெண்டு சாட்சி இருக்குன்னு எழுதிக்கிட்டிருக்கோம் நாம!"

வெண்டலுக்கு முகம் வெளுத்தது. திருடன் என்று அவள் நினைத்திருந்த மனிதர் திருடவில்லை. வழக்கம்போல நல்லவராக இருந்திருக்கிறார், அதுதான் நடந்த அநியாயம். இதற்குத் திட்டவும் முடியாமல் டெல்ஃபியாவுக்கு எரிச்சலாக வந்தது.

வெண்டல் மெதுவாகக் கேட்டார். "நீ வேற ஏதோ பார்த்திருக்கே. உன் மூஞ்சி சொல்லுது. என்ன அது?"

அவள் வாயைத் திறந்தாள். அதற்குள் அவரே கையைக் காட்டி நிறுத்தினார்.

"இரு. டோர்சி டீட்டர் சுரங்கத்துலதானே இருக்கான்?"

"உனக்கு எப்படித் தெரியும்?"

"ஊருக்கே தெரியும். அவன் சர்ச்சுல எல்லார்கிட்டயும் சொன்னான். நீயே சொல்லுவேன்னு நான் பேசாம இருந்தேன்." குரலில் குத்தல் இல்லை, அதுதான் அவளை இன்னும் குத்தியது. "நீ எதைக் கண்டுபிடிச்சிருந்தாலும் சரி. பிட்ஸ்பர்க் கம்பெனி வக்கீல் முதல்ல உன் தம்பி பேரைத்தான் படிப்பான். அப்புறம் உன் ரிப்போர்ட்டை மூடி வச்சிடுவான்."

இதே வாதத்தை அவள் எத்தனை பேர் தலையில் போட்டு உடைத்திருக்கிறாள்!

அன்று மாலையே மேலாளர் ஜெனீவா பிரிக்கெட்டிடம் போய் இரண்டையும் சொன்னாள்: தம்பியை, கடன் வாங்கிய காற்றை. ஜெனீவா கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தார். கோபம் வந்தால் அவர் கண்ணாடியைக் கழற்றுவார்.

"காத்தைத் திருத்திக்கலாம். வெண்டலே புதுசா, யார்கிட்டயும் கேட்காம, ஒத்தையில செய்யட்டும். ஆனா உன் விஷயத்தைத் திருத்த முடியாது, டெல்ஃபியா. நீ இந்த வேலையிலேர்ந்து வெளியே போ."

"நான் ஒண்ணு பார்த்திருக்கேன் மேடம். ஆளைக் கொல்ற விஷயம்."

"சொல்லாதே. எங்கிட்டயும் சொல்லாதே, வெண்டல்கிட்டயும் சொல்லாதே. நீ சொல்லி அவர் பார்த்தா அது அவர் பார்த்தது இல்ல, நீ சொன்னது. ரெண்டும் சேர்ந்து செல்லாமப் போயிடும். அவர் தானா பார்த்து எழுதி முடிக்கட்டும். அப்புறம் ரோட்டுல நின்னு கத்து, நான் தடுக்கல."

"அவன் பார்க்கலன்னா?"

"அப்புறம் கத்துன்னுதானே சொன்னேன்."

வாழ்க்கையில் யாரையும் நம்பாத பெண் அப்படித்தான் தம்பியின் உயிரை வெண்டல் யோஸ்ட்டின் கையில் கொடுத்துவிட்டு வீட்டுக்கு வந்தாள். சமையலறை அலமாரியைத் துடைத்தாள். துடைத்ததையே துடைத்தாள். வெண்டலுக்குச் சென்சார் பொய் சொல்லும் என்று தெரியுமா? அவர் கருவிக் கடையில் இருந்தவர் இல்லை. தெரியாது. தெரிய வாய்ப்பே இல்லை. ஒரு வார்த்தை, ஒரே ஒரு வார்த்தை சொன்னால் போதும். போனை எடுப்பாள், வைப்பாள். வெண்டலை நினைத்து ஒரு சமயம் பரிதாபமாக இருந்தது, மறு சமயம் ஆளைக் கழுத்தைப் பிடித்து உலுக்கலாம் போல இருந்தது.

டோர்சி வந்தபோது அவனிடம் வேறு மாதிரி முயற்சி செய்தாள். "வான்கோழி வேட்டை ஆரம்பிக்குதுல்ல. மாசக் கடைசியில கொஞ்ச நாள் லீவு போட்டுட்டுக் காட்டுக்குப் போயேன்."

டோர்சி அவளை ஏற இறங்கப் பார்த்தான். "நான் துப்பாக்கியைத் தொட்டாலே பத்து கேள்வி கேட்கறவ நீ. இப்ப நீயே காட்டுக்குப் போகச் சொல்றே. என்னக்கா மறைக்கறே?"

"ஒண்ணும் இல்லடா."

"நீ 'ஒண்ணும் இல்ல'ன்னு சொல்லி நான் கேட்டதே இல்ல. பயமா இருக்கு எனக்கு," என்று அவன் சிரித்தான். அவளால் சிரிக்க முடியவில்லை. அவனிடம் சொன்னால் மறுநாள் சர்ச் முழுக்கத் தெரியும், அடுத்த நிமிஷம் வெண்டலுக்கும் தெரியும்.

ஈஸ்டர் கழிந்த அடுத்த வாரம் வெண்டல் அவள் வீட்டு வாசலில் வந்து நின்றார். மழையில் நனைந்திருந்தார். முகத்தைப் பார்த்தால் எதுவும் புரியவில்லை. கையெழுத்துப் போட்டுவிட்டாரோ என்று அவள் பயந்தாள்.

"போடல," என்றார் அவர், அவள் கேட்பதற்கு முன்பே. "ரிப்போர்ட் குடுத்துட்டேன், சீல் வச்சாச்சு. புரோகிராம் தேறல. ஜெனீவா இப்ப உங்கிட்டப் பேசலாம்னுட்டாங்க."

டெல்ஃபியா கதவுச் சட்டத்தைப் பிடித்துக்கொண்டாள். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது, அதை அவள் மறைக்கவில்லை. "நீ கண்டுபிடிச்சுட்டியா வெண்டல்! எனக்கு நம்பிக்கையே இல்லாம இருந்துச்சு, தெரியுமா?"

"தெரியும்," என்றார் வெண்டல். "எங்க வீட்டுல இடி இடிச்சா கரண்ட் ஒரு நிமிஷம் போயிட்டு வரும். அடுப்புக் கடிகாரம் எல்லாத்தையும் மறந்துட்டு பன்னெண்டுல நின்னு மின்னும். இதுவும் அப்படியே. வாயு ஏறி சிவப்பு எரியறப்ப புரோகிராம் ஓடற கருவிக்குக் கரண்ட் ஒரு நொடி போய் வந்தா, தான் எச்சரிக்கை குடுத்ததையே மறந்துடுது. புதுசா பொறந்த மாதிரி பச்சையிலேர்ந்து ஆரம்பிக்குது. நார்மோட காத்துல கரண்ட் போகவே போகாது, அதனால தெரியல. இதைத்தானே நீயும் பார்த்தே?"

டெல்ஃபியா அவரையே பார்த்தாள்.

"இல்ல," என்றாள்.

"என்ன இல்ல?"

அவள் சென்சார் பொய் சொல்வதைச் சொன்னாள். வாயு மிஞ்சினால் முள் விழுவதை, அதைப் பார்த்துப் புரோகிராம் பச்சை போடுவதை. வெண்டல் கேட்கக் கேட்க வாசல்படியிலேயே உட்கார்ந்துவிட்டார். அது அவர் கண்ணில் படவே இல்லை. கரண்ட் போய் வருவது அவள் மனசில் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. தம்பியை மறைத்து, வாயை மூடி, தன் ஒருத்தி கண்ணே போதும் என்று அவள் விடாப்பிடியாக இருந்திருந்தால், சென்சாரைச் சரி செய்யச் சொல்லியிருப்பாள். அவர்களும் சரி செய்திருப்பார்கள். அவள் திருப்தியாகக் கையெழுத்துப் போட்டிருப்பாள். அப்புறம் ஒரு மழை நாளில் டோர்சி உள்ளே இருக்கும்போது கரண்ட் போய் வந்திருக்கும்.

டெல்ஃபியா உள்ளே போய்த் துண்டு ஒன்றை எடுத்து வந்து அவரிடம் கொடுத்தாள்.

"அப்போ," என்றார் வெண்டல் தலையைத் துடைத்துக்கொண்டே, "நம்ம ரெண்டு பேருமே பார்க்காத மூணாவது ஒண்ணு இருந்தா?"

"எனக்குத் தெரியல," என்றாள் டெல்ஃபியா. அவள் வாயிலிருந்து அப்படி ஒரு வார்த்தையை வெண்டல் அதுவரை கேட்டதில்லை. "ஜெனீவாகிட்டச் சொல்லு. வெளியூர் ஆள் ஒருத்தரைக் கூப்பிடச் சொல்லு. உன்னையும் தெரியாத, என்னையும் தெரியாத, இந்த ஊர்ல மீன் தின்னாத ஆளாப் பார்த்து."

"ஒரு மாசமாவது ஆகும். சுரங்கத்துக்காரங்க கத்துவாங்க."

"கத்தட்டும். கத்தறதுக்கு உசுரோட இருப்பாங்கல்ல."

வெண்டல் போனை எடுத்தார். அவர் பேசி முடிக்கும்வரை டெல்ஃபியா பக்கத்திலேயே நின்றாள். தன் கண்ணுக்குத் தப்பிப் போனதையே அவள் திரும்பத் திரும்ப நினைத்துக்கொண்டிருந்தாள்.